முற்று எங்கே?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நான் எழுதிய மூன்று பக்க அறிக்கை ஒன்று மேலாளரின் மேசையிலிருந்து திரும்பி வந்தது. பக்கம் முழுக்கத் திருத்தியிருப்பார் என்று பயந்துகொண்டே திறந்தேன். ஒரே ஓர் இடத்தில்தான் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அந்த வாக்கியம் இன்றும் எனக்கு மனப்பாடம்: "த சர்வர் ஸ்டாப்ட், வீ கால்ட் த இன்ஜினியர், ஹி சேஞ்ட் த டிஸ்க், த டேட்டா வாஸ் சேஃப்."

"இதுல எத்தனை வாக்கியம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணு சார்." கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளிதானே இருந்தது.

"நாலு இருக்கு. நாலையும் கமாவால ஒட்டியிருக்கீங்க. கமாவுக்கு அந்த பலம் கிடையாது."

அவ்வளவுதான் சொன்னார். எழுத்துப்பிழை இல்லை, காலப்பிழை இல்லை, நான்கில் எதைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் குறையில்லை. சேர்த்து வைத்தால் மட்டும் எப்படித் தப்பாகும்? இது எனக்குப் பிடிபடச் சில வருடங்கள் ஆயின. விடை கிடைத்த இடம் நான் எதிர்பார்க்காதது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துபோன தமிழ் இலக்கணத்தில் இருந்தது அது. முற்று, எச்சம் என்ற இரண்டு சொற்கள். முடிந்து நிற்கும் வினை முற்று; முடியாமல் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது எச்சம். ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ் பேசுகிற நமக்கு வரும் வாக்கிய அமைப்புப் பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டு சொற்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தயவுசெய்து வாய்விட்டுப் படியுங்கள். அமைப்புப் பிழை கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது.

அந்த சர்வர் கதையைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். "சர்வர் நின்றுபோக, நாங்கள் இன்ஜினியரைக் கூப்பிட, அவர் வந்து டிஸ்க்கை மாற்றியதால் டேட்டா தப்பியது." எத்தனை வேலைகள் நடந்திருக்கின்றன! ஆனால் முற்றுப்பெற்ற வினை ஒன்றே ஒன்றுதான்: தப்பியது. மற்றவை எல்லாம் முடியாமல், அடுத்தது என்ன என்று எதிர்பார்த்து நிற்கின்றன. நின்றுபோக, கூப்பிட, வந்து, மாற்றியதால். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கொக்கி இருக்கிறது. '-து' என்றால் இது முடிந்து அடுத்தது. '-ஆல்' என்றால் காரணம். '-ஆலும்' என்றால் தடையை மீறி. '-போது' என்றால் அதே நேரம். தமிழில் இணைப்பு வேலையை வினையே தன் விகுதியால் செய்துவிடுகிறது. கமா வெறும் மூச்சு விடும் இடம். ஓலைச்சுவடிகளில் கமா கிடையாது. அது இல்லாமலே வாக்கியங்கள் நின்றன.

ஆங்கில முற்றுக்கு அந்த மாதிரி வால் கிடையாது. 'ஸ்டாப்ட்' என்பதில் 'நின்றது' மட்டும்தான் இருக்கிறது. 'நின்றதால்' என்று சொல்ல வேண்டுமானால் 'பிகாஸ்' என்று ஒரு தனிச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? மனத்துக்குள் தமிழ் எச்சங்களை அடுக்கிக்கொண்டே, கையில் ஆங்கில முற்றுகளை எழுதுகிறோம். கொக்கிகள் மனத்திலேயே தங்கிவிடுகின்றன, தாளுக்கு வருவதில்லை. அந்த இடத்தில் கமாவைப் போட்டு நிரப்பிவிடுகிறோம். எழுதியவருக்கு இணைப்பு தெரிகிறது. படிக்கிறவருக்கு நான்கு துண்டுகள் தெரிகின்றன.

ஆகவே முதல் வேலை, முற்றை அடையாளம் காண்பது. ஆங்கிலத்தில் இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தின் முன்னால் 'யெஸ்டர்டே' போட்டுப் படியுங்கள். பிறகு 'டுமாரோ' போட்டுப் படியுங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் முற்று. "ஷி வாக்ஸ் டு ஸ்கூல்" என்பது நேற்று 'வாக்ட்' ஆகிறது, நாளை 'வில் வாக்' ஆகிறது. முற்று கிடைத்துவிட்டது. "த கேர்ள் வாக்கிங் டு ஸ்கூல்" என்பதை நேற்றைக்கு மாற்றினாலும் நாளைக்கு மாற்றினாலும் 'வாக்கிங்' அசையாது. அது 'நடந்து போகிற பெண்', வெறும் பெயரெச்சம், அதாவது ஒரு பெயரைக் கொண்டு முடியும் எச்சம். அவள் என்ன செய்தாள் என்று இன்னும் சொல்லப்படவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'சென்ட்', 'மேட்' போன்ற சொற்கள் முற்றாகவும் வரும், எச்சமாகவும் வரும். "வீ சென்ட் த ரிப்போர்ட்" என்றால் அனுப்பினோம். "த ரிப்போர்ட் சென்ட் லாஸ்ட் வீக்" என்றால் போன வாரம் அனுப்பிய அறிக்கை. இறந்தகாலம் போலத் தெரிவதால் பலர் இரண்டாவதை முழு வாக்கியம் என்று எண்ணி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள், 'அனுப்பிய' என்று வருகிறதா 'அனுப்பினோம்' என்று வருகிறதா என்று. சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முற்றுகளை எண்ணியதும் கணக்கு எளிது. ஒரு வாக்கியத்தில் இரண்டு முற்று இருந்தால், நடுவில் ஒரு கொக்கி இருந்தே ஆக வேண்டும். மூன்று இருந்தால் இரண்டு கொக்கி. கமா மட்டும் இருந்தால் கமா ஸ்ப்ளைஸ். கமாவும் இல்லாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தால் ரன்-ஆன். பெயர் முக்கியமில்லை, மருந்து ஒன்றுதான்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எழுதுகிறவரின் மனம் வெளிப்படுகிறது. "ஹி டிட் நாட் கால், ஐ வெயிட்டட்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவன் அழைக்கவில்லை, நான் காத்திருந்தேன். இதை முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்கலாம். செமிகோலன் வைக்கலாம். 'ஸோ' போட்டால் அவன் அழைக்காததால் காத்திருந்தேன். 'பட்' போட்டால் அவன் அழைக்காவிட்டாலும் காத்திருந்தேன். 'பிஃபோர்', 'வைல்', 'ஆல்தோ' என்று ஒவ்வொன்றும் ஒரு வேறு கதை. இலக்கணப்படி எல்லாமே சரி. எது உண்மை என்று எழுதியவருக்குத்தான் தெரியும். கமா ஸ்ப்ளைஸை நான் பெரிய குறையாக நினைப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு செய்திகளுக்கும் என்ன உறவு என்ற முடிவை எழுதியவர் எடுக்காமல், படிப்பவர் தலையில் கட்டிவிடுகிறார்.

செமிகோலனைப் பலர் அஞ்சி ஒதுக்குகிறார்கள். 1490களில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகம் அதைப் புத்தகத்தில் பயன்படுத்தத் தொடங்கியபோது, கமாவுக்கும் கோலனுக்கும் நடுவில் ஒரு நிறுத்தமாகத்தான் அது பிறந்தது. இன்றும் அதன் முக்கிய வேலை, தனித்து நிற்கக்கூடிய, ஆனால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டு வாக்கியங்களை இணைப்பது. இரு பக்கமும் ஒவ்வொரு முற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாராளமாகப் போடுங்கள்.

கமாவோடு சேர்ந்து இரண்டு முழு வாக்கியங்களை இணைக்கிற உரிமை ஆங்கிலத்தில் ஏழு சிறு சொற்களுக்குத்தான் வழக்கமாகச் சொல்லப்படும்: ஃபார், ஆண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்' இந்த வரிசையில் இல்லை. அலுவலகக் கடிதங்களில் நான் அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான்: "ஐ கால்ட் ஹிம், ஹவ்எவர், ஹி டிட் நாட் ஆன்சர்." 'ஆனால்' என்ற பொருள் இருப்பதால் 'பட்' செய்யும் வேலையை 'ஹவ்எவர்' செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். பொருள் ஒன்று, உரிமை வேறு. 'ஹவ்எவர்' வாக்கியத்தின் எந்த இடத்திலும் போய் உட்காரும், கடைசியில்கூட உட்காரும். அப்படி நகரக்கூடிய சொல் கொக்கியாக இருக்க முடியாது. 'பட்' தன் இடத்தை விட்டு நகராது. நகர்த்திப் பாருங்கள், எது கொக்கி என்று தெரிந்துவிடும்.

இதற்கு விலக்கு உண்டா என்று கேட்டால், உண்டு. ஜூலியஸ் சீசர் சொன்னதாக வழங்கும் வந்தேன், கண்டேன், வென்றேன் என்ற மூன்று சொல் ஆங்கிலத்தில் கமாவோடுதான் எழுதப்படுகிறது. ஒரே எழுவாய், ஒரே அளவு, ஒரே தாளம், மிகச் சிறிய வாக்கியங்கள். அங்கே உறவு என்ன என்ற கேள்வியே எழவில்லை. கதை எழுதுகிறவர்களும் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். அறிக்கையிலும் விண்ணப்பத்திலும் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிரான பிழை, முற்றே இல்லாமல் அல்லது கொக்கியோடு தொங்கிக்கொண்டு நிற்கும் துண்டு வாக்கியம். "ஐ டிட் நாட் கம் யெஸ்டர்டே. பிகாஸ் ஐ வாஸ் சிக்." நம்மில் எத்தனை பேர் இப்படி எழுதியிருப்போம்! தமிழில் இது முழுக்கச் சரி: "நேற்று வரவில்லை. ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை." 'ஏனென்றால்' ஒரு புது வாக்கியத்தைத் தொடங்கும். நாம் 'பிகாஸ்' என்பதை 'ஏனென்றால்' என்று படித்துவைத்திருக்கிறோம். உண்மையில் அது '-ஆல்' என்ற நம் வேற்றுமை உருபுக்குத்தான் நெருக்கம். "எனக்கு உடம்பு சரியில்லாததால்." என்று மட்டும் எழுதிப் புள்ளி வைத்தால் தமிழிலும் தொங்கும். 'பிகாஸ்' என்றால் 'செய்ததால்' என்பதில் வரும் '-ஆல்', 'ஆல்தோ' என்றால் '-ஆலும்', 'இஃப்' என்றால் 'செய்தால்' என்பதில் வரும் '-ஆல்' அல்லது 'என்றால்', 'வென்' என்றால் '-போது'. இப்படி மாற்றிப் படித்துக்கொண்டால் துண்டு வாக்கியம் எழுதவே கை வராது. 'ஆல்தோ'வையும் 'பட்'டையும் ஒரே வாக்கியத்தில் போடும் பழக்கமும் போய்விடும். "மழை பெய்தாலும், ஆனால் போனேன்" என்று தமிழில் யாரும் சொல்வதில்லை, இல்லையா?

துண்டைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, வாக்கியத்துக்கு முன்னால் "ஐ ஆம் ஷ்யூர் தட்" என்று வைத்துப் படிப்பது. "ஐ ஆம் ஷ்யூர் தட் த ரிப்போர்ட் இஸ் ரெடி" நிற்கிறது. "ஐ ஆம் ஷ்யூர் தட் பிகாஸ் ஐ வாஸ் சிக்" நிற்காது. "ஐ ஆம் ஷ்யூர் தட் விச் வாஸ் வெரி ஹெல்ப்ஃபுல்" நிற்காது. 'விச்'சில் தொடங்கிக் கேள்விக்குறி இல்லாமல் முடியும் வாக்கியம் எதைப் பார்த்தாலும் அதற்கு முந்தின வாக்கியத்தோடு அதைச் சேர்த்துவிடுங்கள், பெரும்பாலும் வேலை முடிந்தது. கேள்விகளுக்கும் கட்டளைகளுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது, மற்றதற்கெல்லாம் பொருந்தும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் தங்கை மகள் வேலைக்கான விண்ணப்பக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "பெரியம்மா, பத்து நிமிஷம்தான், பார்த்துக் குடுங்க." நடுவில் ஒரு பத்தி இப்படி இருந்தது: "ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி லாஸ்ட் இயர், சின்ஸ் தென் ஐ ஹேவ் பீன் லேர்னிங் டிசைன். பிகாஸ் ஐ என்ஜாய் இட். வொர்க்கிங் ஆன் மெனி ப்ராஜெக்ட்ஸ், மை ஸ்கில்ஸ் ஹேவ் இம்ப்ரூவ்ட்."

மூன்று வரி, மூன்று பிழை. முதல் இரண்டையும் மேலே சொன்ன கணக்கை வைத்து அவளே பிடித்துவிட்டாள். மூன்றாவதில் நின்றாள்.

"திறமைதானே பெரியம்மா முன்னேறியிருக்கு? அப்புறம் என்ன தப்பு?"

"ப்ராஜெக்ட்ல வேலை பார்த்தது யாரு?"

"நான்தான்."

"இந்த வாக்கியத்துல நீ எங்கடி இருக்க?"

அவள் தாளைப் பார்த்தாள். 'மை' இருந்தது. 'ஐ' இல்லை. கமாவுக்குப் பிறகு வந்த முதல் பெயர் 'மை ஸ்கில்ஸ்'. ஆங்கிலத்தின் கணக்குப்படி, முன்னால் நிற்கும் 'வொர்க்கிங்' என்ற எச்சத்துக்குச் சொந்தக்காரர் அந்தப் பெயர்தான். ஆக, ப்ராஜெக்ட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவை அவளுடைய திறமைகள். இதைத்தான் ஆங்கிலத்தில் டேங்லிங் மாடிஃபையர் என்கிறார்கள். சொந்தக்காரர் இல்லாமல் தொங்கும் எச்சம்.

இந்த விதியை ஆங்கிலப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது ஏதோ வெளியூர் வழக்கம் போலத்தான் தெரிந்தது. பிறகு ஒருநாள் தொல்காப்பியத்தின் வினையியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அசந்துபோனேன். செய்து, செய்யூ, செய்பு என்று தொடங்கி வினையெச்ச வாய்பாடுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, "முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின" என்கிறது. முதல் மூன்று வாய்பாடுகளும் தம்முடைய வினைமுதலையே கொண்ட வினையோடுதான் முடியும். அதாவது 'செய்து' என்று சொன்னால், அதைச் செய்தவரே முற்றையும் செய்தவராக இருக்க வேண்டும். உண்டு வந்தான் என்றால் உண்டவனும் வந்தவனும் ஒருவனே. ஆங்கிலம் சொல்லும் விதி இதே விதிதான்!

அதிலும் அழகு என்னவென்றால், வினைமுதல் வேறாக இருந்தால் பயன்படுத்த வேறு எச்சமும் தமிழில் உண்டு. 'செய' என்னும் வாய்பாடு அது. மழை பெய்ய நெல் விளைந்தது: பெய்தது மழை, விளைந்தது நெல், குழப்பமே இல்லை. செய்து என்றால் அதே ஆள்; செய என்றால் வேறு ஆளும் வரலாம். இந்த வேறுபாட்டை நாம் தினமும் யோசிக்காமலே சரியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பது போல ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகும் இடங்களில் 'செய்து' தன் எல்லையைத் தாண்டுவதும் உண்டு. உரையாசிரியர்கள் அந்த மாதிரித் தொடர்களை 'செய்து' என்பது 'செய' என்பதன் இடத்தில் நிற்பதாகக் கொண்டு விளக்கம் சொல்கிறார்கள். பொது விதி அப்படியேதான் இருக்கிறது.

எனவே ஆங்கிலத்தில் 'இங்' என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதியதும், அதைத் தமிழில் 'செய்து' வாய்பாட்டில் சொல்லிப் பாருங்கள். "வாக்கிங் இன்டு த ரூம், த லைட்ஸ் வென்ட் ஆஃப்." அறைக்குள் நடந்து வந்து விளக்குகள் அணைந்தன. காது உடனே துள்ளுகிறது. விளக்கு எப்படி நடந்து வரும்? தமிழில் இதை 'நான் அறைக்குள் வந்ததும்' என்று ஆளைக் காட்டிச் சொல்வோம். ஆங்கிலத்திலும் அதையே செய்யுங்கள்: "ஆஸ் ஐ வாக்ட் இன்டு த ரூம், த லைட்ஸ் வென்ட் ஆஃப்." அல்லது எச்சத்தை அப்படியே விட்டு, கமாவுக்குப் பிறகு சொந்தக்காரரைக் கொண்டுவந்து உட்காரவையுங்கள்: "வாக்கிங் இன்டு த ரூம், ஐ சா த லைட்ஸ் கோ ஆஃப்."

அலுவலக எழுத்தில் இந்தப் பிழை நுழைவது செயப்பாட்டு வினை வழியாகத்தான். "ஆஃப்டர் ரிவியூயிங் த டாக்குமென்ட்ஸ், த எரர் வாஸ் ஃபவுண்ட்." ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. யார் சரிபார்த்தார்கள் என்பதை மறைத்து எழுதுவது மரியாதை என்று ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் எச்சத்தின் சொந்தக்காரர் காணாமல் போய்விடுகிறார். 'வீ ஃபவுண்ட்' என்று எழுதினால் வாக்கியமும் நேராகும், பொறுப்பும் தெளிவாகும். 'கன்சிடரிங்', 'ரிகார்டிங்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' போன்றவை மட்டும் நெடுங்காலப் பழக்கத்தில் சொந்தக்காரர் தேவைப்படாத சொற்களாகிவிட்டன. அவற்றை விட்டுவிடலாம்.

பெயரெச்சத்திலும் இதே மாதிரி ஓர் இடப் பிரச்சினை வருகிறது. "போன வருடம் வாங்கிய புத்தகத்தை நண்பனிடம் கொடுத்தேன்." தமிழில் 'வாங்கிய' என்பது 'புத்தக'த்தை ஒட்டி முன்னால் நிற்கிறது. தவறிப்போக வழியே இல்லை. ஆங்கிலத்தில் அந்த விவரம் பெயருக்குப் பின்னால் வர வேண்டும். நாமோ வாக்கியத்தை முடித்துவிட்டுக் கடைசியில் ஞாபகம் வந்தது போல ஒட்டுகிறோம்: "ஐ கேவ் த புக் டு மை ஃபிரெண்ட் விச் ஐ பாட் லாஸ்ட் இயர்." பக்கத்தில் இருப்பது நண்பன். வாங்கப்பட்டதும் நண்பன்! "ஐ கேவ் மை ஃபிரெண்ட் த புக் தட் ஐ பாட் லாஸ்ட் இயர்" என்று புத்தகத்தை அதன் விவரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தீர்ந்தது. "த புக் விச் ஐ பாட் இட்" என்று கடைசியில் ஓர் 'இட்' சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். அந்த 'இட்' செய்ய வேண்டிய வேலையை 'விச்' ஏற்கெனவே செய்துவிட்டது.

'ஒன்லி' பற்றி ஒரு வார்த்தை. நம் 'மட்டும்' எந்தச் சொல்லைத் தொட்டுக்கொண்டு பின்னால் நிற்கிறதோ அதை மட்டும் குறிக்கும். நான் மட்டும் அவளிடம் சொன்னேன். நான் அவளிடம் மட்டும் சொன்னேன். ஆங்கிலப் பேச்சில் 'ஒன்லி' வினைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, எதைக் குறிக்கிறது என்பதைக் குரலின் அழுத்தத்துக்கு விட்டுவிடும். எழுத்தில் குரல் கிடையாது. 'மட்டும்' எந்தச் சொல்லின் பின்னால் வருமோ, 'ஒன்லி'யை அந்தச் சொல்லின் முன்னால் வையுங்கள்.

அடுத்தது பட்டியல். "ஷி லைக்ஸ் ரீடிங், ஸ்விம்மிங் ஆண்ட் டு குக்." இரண்டு 'இங்', ஒன்று 'டு'. வரிசையில் நிற்கிறவர்கள் ஒரே உடையில் நிற்க வேண்டும். இது ஏதோ அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நான் நினைத்திருந்தேன், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வழக்கு ஒன்றைப் படிக்கும் வரை. அந்த மாநிலத்தில் சில வேலைகளுக்குக் கூடுதல் நேர ஊதியம் தர வேண்டியதில்லை என்று சட்டம். வேலைகளின் பட்டியல் 'கேனிங், ப்ராசசிங், ப்ரிசர்விங், ஃப்ரீசிங், ட்ரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங்' என்று வந்து, 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன் ஆஃப்' என்று முடிந்தது. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் செய்வது விநியோகம், பேக்கிங் கிடையாது. 'ஷிப்மென்ட்' என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லை. அப்படியானால் விநியோகம் பட்டியலில் தனி வேலையா, அல்லது பேக்கிங் எதற்காக என்று சொல்வதன் பாதியா?

செய்தித்தாள்கள் எல்லாம் காணாமல் போன கமாவைப் பற்றித்தான் எழுதின. எனக்கு அதைவிடக் கனமாகப் பட்டது ஓட்டுநர்கள் சொன்ன இன்னொரு வாதம். பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிகின்றன. 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் அப்படி முடியவில்லை. அது 'ஷிப்மென்ட்'டின் ஜோடி. ஆகவே அது தனி வேலை இல்லை. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்ட வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் அந்தச் சட்டத்தையே திருத்தியது. கமாக்கள் எல்லாம் செமிகோலன் ஆயின, 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பது 'டிஸ்ட்ரிபியூட்டிங்' ஆனது. எல்லாரும் ஒரே உடைக்கு வந்தார்கள்.

இன்னும் சில உண்டு, அவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுவாயைத் தோன்றாமல் விடலாம், ஆங்கிலத்தில் பொதுவாக முடியாது. ஆளே இல்லாத இடத்திலும் 'இட்' என்று ஒன்றை உட்காரவைத்து 'இட் இஸ் ரெய்னிங்' என்பார்கள். "என் அண்ணன் ஆசிரியர்" என்பதில் பெயரே பயனிலை. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் அந்த வாக்கியம் முடியாது. "ஐ டோன்ட் நோ வேர் இஸ் த ஃபைல்" என்பதில் கேள்வி வாக்கியத்துக்குள்ளே போய்விட்டதால் கேள்வியின் வரிசையும் போய்விட வேண்டும்: 'வேர் த ஃபைல் இஸ்'. "த லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர்" என்று வருவது, முற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் 'நேம்ஸ்' காதை ஏமாற்றுவதால். முற்றைப் பார்த்து "யார் நீ, யாருடைய வினை?" என்று கேளுங்கள். 'லிஸ்ட்' என்று பதில் வரும், 'இஸ்' என்று எழுதுவீர்கள்.

திருத்தும்போது நான் கையாளும் முறை ஒன்றைச் சொல்கிறேன். கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் நோக்கிப் படிப்பேன். மேலிருந்து படித்தால் பொருள் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும், மனத்தில் இருக்கும் கொக்கிகளைத் தாளில் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து படித்தால் ஒவ்வொரு வாக்கியமும் தனியாக வந்து நிற்கும். தன் காலில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். கையில் பென்சில் வைத்துக்கொண்டு முற்றுக்கெல்லாம் அடிக்கோடு போடுவேன். 20 வருடமாகியும் முக்கியமான கடிதமென்றால் இன்றும் இப்படித்தான்.

தங்கை மகளிடமும் அதே பென்சிலைக் கொடுத்தேன். தொங்கிய வாக்கியத்தை அவள், "வொர்க்கிங் ஆன் மெனி ப்ராஜெக்ட்ஸ், ஐ ஹேவ் இம்ப்ரூவ்ட் மை ஸ்கில்ஸ்" என்று மாற்றினாள். பிறகு கடிதத்தின் அடியிலிருந்து மேலே ஏறத் தொடங்கினாள். கடைசிப் பத்தியில் ஓர் இடத்தில் இரண்டு கோடு விழுந்தது: "ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஸ்மால் டீம், ஐ வான்ட் டு லேர்ன் ஃபாஸ்ட்."

"ரெண்டு முற்று, கொக்கி இல்ல" என்றாள். கமாவுக்குப் பக்கத்தில் 'ஸோ' என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். முகம் சுளித்தது.

"பெரியம்மா, இலக்கணப்படி இது சரிதானே?"

"சரிதான்."

"ஆனா நான் சொல்ல வந்தது இது இல்லயே. சின்ன டீமைத் தேடுறதனால கத்துக்க ஆசை வரல. கத்துக்கணும்னு ஆசை இருக்கு, அதனாலதான் சின்ன டீமைத் தேடுறேன்."

நான் பதில் சொல்லவில்லை. அவள் 'ஸோ'வை அழித்தாள், கமாவையும் சேர்த்து அழித்தாள். அந்த இடைவெளியில் 'பிகாஸ்' என்று எழுதிவிட்டு, அதற்கு மேலிருந்த வாக்கியத்துக்குப் பென்சிலை நகர்த்தினாள்.